பெயர் எழுதிக் கட்டிய கிடா

நம் ஊர் நூலகத்தில் புதிதாகக் கதைநேரம் நடத்த வந்திருக்கும் உங்கள் இருவரிடமும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் நிறுத்தவில்லை. காரியாபட்டியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும் என்பதால் சனிக்கிழமைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள். பிள்ளையைக் கெடுத்த புத்தகத்தைப் படித்ததால் அந்தம்மாவை அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அந்தப் புத்தகம் இன்னும் நம் அலமாரியில், பிள்ளைகளின் கை எட்டும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அதை மேல்தட்டுக்கு ஏற்றச் சொல்லி யார் வந்தாலும் ஏற்றாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு, அதற்கேற்ற படக்கதைகள், கூடவே பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஒரு வேலை. இதுதான் நம் முறை. எந்த வயதுக்கு எத்தனை வரி, பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் நடத்தும்போதே பழகிவிடும். தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் தொடங்கிய காலத்தில் ஆபத்தில்லாத தலைப்பாகத் தேடித் தேடி எடுத்தேன். பனிக்கரடி, பென்குயின், ஸ்ட்ராபெர்ரித் தோட்டம். பென்குயின் செய்வதற்குப் பஞ்சும் கருப்பு அட்டையும் அருப்புக்கோட்டையிலிருந்து வாங்கி வந்தேன். பிள்ளைகள் அழகாக ஒட்டினார்கள். ஒரு பையன் மட்டும், இது ஆடு மாதிரி கருவேல நெத்து தின்னுமா என்று கேட்டான். தின்னாது, மீன்தான் தின்னும் என்றேன். அத்தோடு பென்குயினில் அவனுக்கிருந்த அக்கறை தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை, மழை பொய்த்த ஒரு ஐப்பசியில் மழைக் கதை படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர், தவளை, குடை. இது எந்த ஊரு என்று கேட்டார்கள். கேரளா என்று சொல்லிச் சமாளித்தேன். பேப்பரில் செய்த குடைகளை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பென்குயின்களை நூலகச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தேன். பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். அப்போதுதான் நம் நூலகர் ஒரு வார்த்தை சொன்னார். அவரை உங்களுக்குத் தெரியும், அதிகம் பேசமாட்டார். "சுவத்துல ஒட்டுனா அது ஒங்க வேலைம்மா. வீட்டுக்குப் போனாத்தான் பிள்ளைக வேலை" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் செய்யும் எதையும் நான் சுவரில் ஒட்டுவதில்லை. அதை வைத்து வீட்டில் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த சனிக்கிழமை கேட்பேன். பென்குயினை வைத்து வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. தலைப்பு வாசல்வரை வந்து நின்றுவிடக் கூடாது, வீட்டுக்குள் போக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அப்படி எடுத்ததுதான் ஆடு.

கதை சின்னது. மழையில் வழி தவறிய ஆட்டுக்குட்டி ஒன்று, ரோட்டோரம் போட்டு வைத்திருக்கும் பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஊரே தேடுகிறது. ஆளாளுக்கு அதட்டுகிறார்கள், தழையை நீட்டுகிறார்கள், குட்டி அசையவில்லை. அதை வளர்க்கும் சிறுமி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அடுத்த பக்கத்தில் குட்டி வெளியே வருகிறது. கூப்பிடும் இடம் வந்ததும் நான் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள்தான் கூப்பிட வேண்டும். கூரை அதிரும்.

கைவேலைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டேன். நல்ல கனத்த அட்டை, எல்லா வீட்டிலும் கிடக்கும். மணி வடிவில் வெட்டி, துளை போட்டு, கம்பளி நூல் கோத்து, உங்கள் வீட்டு ஆட்டுக்கு ஒரு பெயர் வைத்து எழுதிக் கட்டுங்கள் என்று கொடுத்து அனுப்பினேன். எழுதத் தெரியாதவர்கள் பூவோ புள்ளியோ போட்டார்கள்.

நான் அருப்புக்கோட்டை டவுனில் பிறந்தவள், இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். இங்கே மாட்டுக்குப் பெயர் உண்டு, நாய்க்கு உண்டு. ஆட்டுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. கருப்பு, செவலை, காது நீண்டது என்று அடையாளம் சொல்வார்களே தவிரக் கூப்பிடுவதற்கென்று ஒரு பெயர் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வியாபாரி வண்டியில் ஏறப்போகிற உயிர் அது. அந்த வழக்கம் எதற்கு என்று நான் யோசித்ததில்லை. தெரிந்தேதான் செய்தாயா என்று பிறகு கேட்டார்கள். தெரியாமல்தான் செய்தேன். தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன்.

அடுத்த வாரம் வந்த பிள்ளைகளிடம் கேட்டால், பாதி அட்டைகளை ஆடுகளே தின்றுவிட்டிருந்தன. சிரித்து மாளவில்லை. ஆனால் பெயர்கள் தங்கிவிட்டன. நரிக்குடி வியாபாரி வந்தபோது ஒரு பையன் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, 'ரோஜாவை எறக்குங்க' என்று அழுதிருக்கிறான். வியாபாரி சிரித்திருக்கிறார். அவனுடைய அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆடு நின்றது. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளை பிறக்க வெகுகாலம் ஆயிற்று. கேட்காத மருத்துவம் இல்லை. பிள்ளை தங்கினால் ஐந்து வயதில் மொட்டையெடுத்துக் காது குத்தி, கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று குலசாமிக்கு வேண்டிக்கொண்டேன். யாரும் சொல்லி அல்ல, நானே வேண்டியது. மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது என் கணவரின் அண்ணன் ஒரு குட்டியை வாங்கிவந்து, இது சாமிக்கு நேர்ந்த கிடா என்று தன் ஆடுகளோடு சேர்த்து வளர்த்தார். வெளிர் மஞ்சளில் நல்ல நிறம். பெயர் அட்டை கட்டச் சொன்ன அன்று என் மகள் அதன் கழுத்தில்தான் கட்டினாள். எழுத்துக் கூட்டி அவளே எழுதியிருந்தாள்: பிஸ்கெட்டு.

பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிள்ளைதானே, மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மகளுக்கு ஐந்து வயதான வருடத்து மாசி சிவராத்திரி அன்று சாயங்காலம். சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். குலசாமி கோயிலுக்குக் கொண்டுபோக அண்டா, அரிசி, விறகு எல்லாம் லோடு வேனில் ஏறிவிட்டது. கிடாயை ஏற்ற வேண்டும் என்று அவிழ்க்கப் போன கணவரின் அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முளைக்குச்சி மட்டும்தான் இருந்தது, கயிறுகூட இல்லை என்றார். யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். அவளும் இல்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளை உங்களுக்குத் தெரியும். சுற்றுச்சுவர் கிடையாது. கருவேலங்காட்டுக்குள் நடக்கும்போது கால் வைக்கிற இடம்வரை கிணறு என்று தெரியாது. என் கணவர் உட்பட எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். நான் கிணறு கிணறாகப் போய் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கிணற்றில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. சாக்குப் பை. அது சாக்குப் பைதான் என்று தெரிந்த பிறகும் என் கால்கள் அந்த விளிம்பை விட்டு நகரவில்லை. இன்றும் பள்ளி வேன் கொஞ்சம் தாமதமானால் அந்த மஞ்சள் நிறம்தான் கண்ணில் வருகிறது.

கணவரின் அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். அவரும் பயந்துதான் போயிருந்தார், ஆனால் பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

"ஏத்தா, இம்புட்டும் நீ சொன்ன கதைதான? சொல்லு, அந்தக் கதையில அந்தக் குட்டி எங்க போய்ப் படுத்துச்சு?"

குத்திக் காட்டத்தான் கேட்டார். ஆனால் கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்தப் பக்கம் கண்முன் வந்துவிட்டது. கண்மாய்க்கரையில் பாலம் கட்டுவதற்கென்று இறக்கிப் போட்ட சிமெண்டுக் குழாய்கள் மாதக்கணக்கில் கிடந்தன. அந்தப் பக்கம் ஓடினேன். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடைசிக் குழாயில் இருந்தாள். உள்ளே, நடுவில், கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டுக் கூப்பிடப்போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பேரச் சொல்லிறாதம்மா. சொன்னா வெளிய வந்துரும்."

குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பகலெல்லாம் குடித்த வெயில் குழாயில் இன்னும் இருந்தது. கிடா பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கழுத்து அட்டையில் ஒரு மூலை தின்னப்பட்டிருந்தது. நான் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கை, கால், தலை, எல்லாம் இருந்தன.

"நாளைக்கு இத வெட்டிருவாகளாம்மா?"

கணவரின் அண்ணன் அதற்குள் குழாய் வாயில் வந்து குனிந்தார். அவள் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "ஊருக்கு அனுப்பப் போறோம்னு சொல்லுத்தா" என்றார் மெதுவாக. "பெரிய காட்டுக்கு மேயப் போகுதுன்னு சொல்லு. பிள்ளை வந்துரும்."

இந்த இடத்துக்காகத்தான் உங்களுக்கு இத்தனையும் சொல்கிறேன். இப்படி ஓர் இடம் உங்களுக்கும் வரும். குழாய்க்குள் வராது, நூலகத்துப் பாயில் வரும். கதை கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று தலையை நிமிர்த்தி, செத்துப்போன தாத்தாவைப் பற்றியோ, குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பற்றியோ கேட்கும். அருகில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் உங்களுக்கு ஒரு பொய்யை எடுத்துக் கொடுப்பார்கள். அன்போடுதான் கொடுப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. கணவரின் அண்ணன் அன்று அந்தப் பிள்ளைக்காகக் காடெல்லாம் ஓடி முள்ளில் கிழிந்து நின்றவர். அவர் சொன்னபடி சொல்லியிருந்தால் மகள் உடனே வெளியே வந்திருப்பாள். ஆனால் மறுநாள் மத்தியானம் இலை போட்டுச் சோறு பரிமாறும்போது அவள் என்னைப் பார்ப்பாள். அப்போது நான் எங்கே போய் ஒளிவது?

"ஆமா" என்றேன். "நாளைக்கு வெட்டுவாக."

குழாய் வாயில் அவர் தலையில் அடித்துக்கொண்டது தெரிந்தது.

"எதுக்கு?"

"நீ வேணும்னு நான் சாமிகிட்டச் சொன்ன வார்த்தை. நான் சொன்னது. நீ சொல்லல. பிஸ்கெட்டும் சொல்லல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் கிடாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த அட்டையும் அதோடு போகுமா என்று கேட்டாள். போகாது, அதை நீ வைத்துக்கொள்ளலாம் என்றேன். கம்பளி நூல் முடிச்சை அவளே அவிழ்த்தாள். நான் உதவிக்குக் கை நீட்டியபோது தள்ளிவிட்டாள். அட்டையைக் கவுனுக்குள் செருகிக்கொண்டு முன்னால் தவழ்ந்து வெளியே போனாள். கிடா அவள் பின்னாலேயே போனது.

மறுநாள் எல்லாம் முறைப்படி நடந்தது. எங்களை யாரும் மாற்றிச் செய்யச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கறிச்சோறு தின்னும் குடும்பம்தான் எங்களுடையது. ஓர் ஆட்டுக்குப் பெயர் வந்துவிட்டதால் நான் சாமியிடம் சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றுதான் அன்று நினைத்தேன். சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் தம்பி மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். மகள் அதற்கும் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ரசம் ஊற்றிய சோறு மட்டும் தின்றாள்.

அதற்குப் பிறகு அவள் கதை கேட்பதை நிறுத்திவிட்டாள். படுக்கப் போகும்போது புத்தகத்தை எடுத்தால் வேண்டாம் என்பாள். வீட்டில் இருந்த படக்கதைகளை அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தாள். பேசினாள், விளையாடினாள், பள்ளிக்குப் போனாள். கதை மட்டும் வேண்டாம். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதை சொன்னவளின் வீட்டில் கதை நின்றுபோயிற்று.

அந்த வாரத்திலேயே சிலர் நூலகத்துக்கு வந்தார்கள். கணவரின் அண்ணன் முன்னால் நின்றார். வியாபாரி வண்டியில் அழுத பையனின் அப்பாவும் வந்திருந்தார். அவர்தான் அதிகம் பேசினார்.

"ஆடு மாடெல்லாம் நாங்க சொல்லிக் குடுத்துக்கிருவோம். எங்களுக்குத் தெரியாததா? நீங்க ஏ பி சி டி சொல்லிக் குடுங்க, போதும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்திருந்தால். கணவரின் அண்ணன் சிரிக்காமல், அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படித்தால் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுகூட வராது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு நூலகர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். பஸ், லாரி, ரயில், விமானம் எல்லாம் வண்ண வண்ணமாக இருந்தன. தீப்பெட்டியில் பஸ் செய்துவிடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ரெண்டு மாதம் ஓட்டிவிடலாம் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். நல்ல புத்தகம்தான் அது, நீங்களும் படியுங்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அது பொய்.

இரண்டு நாள் யோசித்தேன். பஸ் புத்தகத்தை எடுத்தால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். என் மகளுக்கு மட்டும் ஒன்று உறுதியாகிவிடும். தப்பு அந்தக் கதையில்தான் இருந்தது, ஆட்டுக்குப் பெயர் வைத்ததுதான் தப்பு, அதனால்தான் அம்மாவே அதை ஒளித்துவைத்துவிட்டாள் என்று. பிள்ளையைக் காணாமல் ஆக்கியது அந்தப் புத்தகம் என்கிறார்கள். அவள் இருந்த இடத்தை எனக்குச் சொன்னதும் அதே புத்தகம்தான். அதை யாரும் சொல்வதில்லை.

நூலகரிடம் போய், "வீட்டுக்குப் போனாத்தான் பிள்ளைக வேலைன்னு நீங்கதான சார் சொன்னீங்க? போயிருச்சு. இப்பப் பயந்தா எப்படி?" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைக்கிறேன், வந்தால் வரட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை மகளிடம், இன்றைக்கு ஆட்டுக் கதைதான், வருகிறாயா என்று கேட்டேன். நான் செருப்பைப் போட்டபோது அவளும் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக வரும் கூட்டத்தில் கால்வாசிதான் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. எதிரே டீக்கடையில் பைக்கை நிறுத்திவிட்டுக் கணவரின் அண்ணன் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் பாயில் உட்காரவில்லை, வாசல்படியில் உட்கார்ந்தாள், ரோட்டைப் பார்த்து.

படிக்கத் தொடங்கினேன். மழை வந்தது, குட்டி வழி தவறியது, குழாய்க்குள் போய்ப் படுத்தது. அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டியபோது, வியாபாரி வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுத பையன், அவன் எப்படியோ வந்திருந்தான், வாசல் பக்கம் திரும்பி என் மகளிடம் கேட்டான்.

"ஏ, ஒங்க கிடா எங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், பேச்சை மாற்றியிருக்க வேண்டும். முடியவில்லை. ஒருவேளை அதுவே நல்லதாகப் போயிற்று.

மகள் ரோட்டிலிருந்து திரும்பினாள். "வெட்டிட்டாக" என்றாள். பிறகு, அவன் கேட்காமலே, "அதுக்குப் பேரு பிஸ்கெட்டு" என்றாள்.

"பிஸ்கெட்டா?"

"ஆமா. பிஸ்கெட்டு."

பின்வரிசையில் ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. என் மகள் முறைத்தாள், பிறகு அவளுக்கும் உதடு கோணியது. எழுந்து வந்து பாயில், அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவுனுக்குள்ளிருந்து அந்த மூலை தின்ற அட்டையை எடுத்து அவனிடம் காட்டினாள். அவன் அதை வாங்கிப் படிக்க முயன்றான்.

"படிம்மா" என்றாள்.

ஊரே தேடும் பக்கத்தைப் படித்தேன். அதட்டினார்கள், தழையை நீட்டினார்கள், குட்டி அசையவில்லை. கூப்பிடும் இடம் வந்ததும் வழக்கம்போல் நிறுத்தினேன். புத்தகத்தில் அந்தக் குட்டிக்கு வேறு பெயர். பிள்ளைகள் அதைக் கூப்பிடவில்லை. கையில் அட்டையை வைத்திருந்த பையன்தான் முதலில் கத்தினான், பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு, "பிஸ்கெட்டு" என்று ஒரே குரலாகக் கூப்பிட்டார்கள். என் மகள் குரலும் அதில் இருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். குட்டி வெளியே வந்தது.